அட்டவணைக்குக் கீழே எழுதிய வரி

இருபத்தாறு வருடம் நான் மழையைக் கூட்டினேன்.

ஓய்வுபெற்ற அன்று வெள்ளவத்தையில் எங்கள் மாடிக்குடியிருப்பின் கீழ்த்தளத்தில் இருக்கும் மாமி என்னைப் படியில் மறித்து, "பிள்ளை, இவ்வளவு நாளும் என்ன வேலை பார்த்தனீர்?" என்று கேட்டார். "மழை கூட்டினனான் மாமி" என்றேன். அவர் வாசலில் தேங்கி நின்ற தண்ணீரையும் மூலையில் சாத்தியிருந்த விளக்குமாற்றையும் மாறி மாறிப் பார்த்தார். "அதுக்கும் கொழும்பில சம்பளம் குடுக்கினமோ?" என்றார்.

குடுத்தார்கள். அது என்ன வேலை என்று இப்போது எழுதவேண்டி வந்திருக்கிறது. பழைய அலுவலகத்துப் பிள்ளைகள் போன மாதம் தொலைபேசியில் கதைத்தார்கள். மழைமானிகள் எல்லாம் இப்போது தானியங்கியாக மாறிவிட்டனவாம். யாரும் அளக்க வேண்டாம், யாரும் தட்டச்சு செய்ய வேண்டாம், எண் நேரே கணினிக்கு வந்து விழுகிறதாம். "அக்கா, முந்தி எப்படிச் செய்தனீங்கள் எண்டு ஒருக்கா எழுதித் தாங்கோவன்" என்று கேட்டார்கள். கேட்டதற்காக எழுதுகிறேன். ஆனால் உண்மையில் எனக்கு ஒரு புதன்கிழமையைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

எங்கள் அலுவலகம் கொட்டாஞ்சேனையில் ஒரு ஹார்ட்வெயார் கடைக்கு மேலே இருந்தது. இரண்டு அறை, நான்கு பேர். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்கள் ஐம்பதுக்கு மேல் எங்களுக்குத் தினமும் மழை அளவை அனுப்பும். நாங்கள் அவற்றைத் தொகுத்து, எந்தத் தோட்டத்தில் எப்போது உரம் போடலாம், எப்போது மருந்து தெளிக்கலாம் என்று காலை ஒன்பது மணிக்குள் அறிக்கை அனுப்புவோம். அவ்வளவுதான். புயல், வெள்ளம், மண்சரிவு எதுவும் எங்கள் வேலை அல்ல. அதற்கு அரசாங்கத்தில் ஆட்கள் இருக்கிறார்கள்.

நான் அங்கே டைப்பிஸ்டாகப் போனேன். ஆறு மாதத்தில் தட்டச்சுப்பொறி போய்க் கணினி வந்தது. ஒரு வருடத்தில் நான் கட்டம் போட்ட கணக்குத் தாள்களில் கைதேர்ந்துவிட்டேன். பிறகு ஒருநாள் புதிய மென்பொருள் போட்டார்கள். பழைய கோப்புகள் திறக்க மறுத்தன. இரண்டு வருட மழை அப்படியே பெட்டிக்குள் பூட்டுப்பட்டுப் போயிற்று.

எங்கள் தலைமை அதிகாரி நஸீர் சேர் அன்று சத்தம் போடவில்லை. அவர் ஒருநாளும் சத்தம் போட்டதில்லை. கொம்பனித்தெருவில் பிறந்து வளர்ந்தவர், மெலிந்த ஆள், எப்போதும் அரைக்கை வெள்ளைச் சட்டை. பத்து மணிக்கு மீன் அடைத்த ஒரு மாலு பான், பால் விடாத ஒரு பிளேன்டீ. அதை முடித்துவிட்டு, மறுநாளிலிருந்து எல்லாவற்றையும் வெறும் எழுத்துக் கோப்பில் வைக்க வேண்டும் என்றார்.

"சேர், எழுத்துக் கோப்பில எப்படிக் கூட்டுறது?"

"கூட்டலாம். எழுத்து மட்டும் இரிக்கிற கோப்பை இருவது வருசம் கழிச்சும் எந்த மெசினும் தொறக்கும். நாம கத்துக்குவோம்."

கற்றுக்கொண்டோம். கோடுகளால் நிரல்களைப் பிரித்து, வெறும் எழுத்திலேயே அட்டவணை அமைப்பது. அட்டவணைக்குக் கீழே சூத்திரத்துக்கு ஒரு வரி. இந்த நிரலின் கடைசி மூன்று நிரைகளைக் கூட்டி அந்தக் கட்டத்தில் போடு என்று அதில் எழுதிவைத்தால், ஒரு விசையைத் தட்டியதும் கூட்டுத்தொகை வந்து உட்காரும். இதில் எனக்குப் பிடித்தது வேறு ஒன்று. அது முழுவதும் ஒரே ஆவணம். மேலே ஒரு பத்தி, நடுவில் அட்டவணை, கீழே குறிப்பு. மனிதர் சொன்னதும் எண் சொன்னதும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்.

நஸீர் சேரிடம் ஒரு கட்டாய விதி இருந்தது. அறிக்கையின் வசனத்துக்குள் எந்த எண்ணையும் கையால் எழுதக்கூடாது. "மூன்று நாளில் இவ்வளவு மழை" என்று எழுதினால் அந்த 'இவ்வளவு' அட்டவணையின் ஒரு கட்டத்தைச் சுட்டிக்காட்ட வேண்டும். கட்டம் மாறினால் வசனமும் மாறவேண்டும். யாராவது ஒரு எண்ணைச் சொன்னால் அவர் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து திரைக்கு முன்னால் உட்காருவார்.

"வெரலை வைங்க."

நாங்கள் திரையில் விரலை வைக்க வேண்டும். எந்த டேபள், எந்த ரோ, எந்த கொலம். வைத்த பிறகுதான் அவர் மேற்கொண்டு கதைப்பார்.

நான் செய்த முதல் பிழை எல்லாரையும் சிரிக்க வைத்த பிழை. புதிய தோட்டம் ஒன்று சேர்ந்தபோது அதன் பெயரைப் பட்டியலின் நடுவில் சொருகினேன். அதற்குக் கீழே இருந்தவை எல்லாம் ஒவ்வொரு நிரை இறங்கிவிட்டன. சூத்திரமோ 'பதினான்காம் நிரை' என்று பழைய இடத்தையே சுட்டிக்கொண்டு நின்றது. பத்து மணிக்கு ஒரு தோட்டத்து மேனேஜர் தொலைபேசியில் எடுத்தார். "மேடம், கனமழை, உரம் போட வேணாம்னு அனுப்பியிருக்கீங்க. இங்க நான் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு நிக்கிறேன்."

நஸீர் சேர் அதைக் கேட்டு நெடுநேரம் சிரித்தார். பிறகு சொன்னார்: "எங்கட தோட்டத்துல நான் பொறந்த வீடு நம்பர் பதினாலு. நடுவுல ஒத்தன் ஒரு வீட்டைக் கட்டினான். நாங்க பதினஞ்சு. ஒரு வருசம் எங்கட கடுதாசியெல்லாம் பக்கத்து வீட்டுக்குத்தான். நம்பரை நம்பாதீங்க. பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க." அவர் தோட்டம் என்றது கொம்பனித்தெருவில் ஒட்டி ஒட்டிக் கட்டிய வீட்டு வரிசைகளை. அன்றிலிருந்து நான் ஒவ்வொரு நிரைக்கும் நிரலுக்கும் பெயர் வைத்தேன். சூத்திரங்களிலும் அந்தப் பெயர்களையே எழுதினேன்.

இனி ராஜேஸ்வரி.

அவள் ஒரு தோட்டத்தின் பிள்ளைமடுவத்தில் வேலை செய்தாள். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம் அது. தொழிலாளர் குடும்பங்கள் இருக்கும் வரிசை வீடுகளான லயங்கள் அதற்குப் பக்கத்தில், மலையடியில். மழைமானி அதன் முற்றத்தில் இருந்தபடியால் அளக்கும் பொறுப்பும் அவளுக்கு. மற்றத் தோட்டங்களில் இருந்து எண் மட்டும் வரும். ராஜேஸ்வரியின் குறுஞ்செய்தியில் முதல் வரியில் எண், அதற்குக் கீழே ஒரு கடிதம். 'காலை எட்டரை மணி, 12. இன்னைக்கு பதினோரு புள்ளைங்க. மானிக்குள்ள ஒரு தவள உக்காந்திருந்திச்சு, அத எடுத்துட்டுத்தான் அளந்தேன்.' இன்னொரு நாள்: 'மழை இல்ல. ஆனா சதீஸ் குட்டி மானிக்குள்ள தேத்தண்ணி ஊத்திட்டான். அத கணக்குல சேக்காதீங்க.'

அலுவலகத்தில் மற்றவர்களுக்கு அது தொல்லை. எண் போதாதா என்று கேட்டார்கள். நஸீர் சேர் யோசித்து ஒரு தீர்ப்புச் சொன்னார். "கட்டத்துக்குள்ள ஒரு நம்பர்தான் இருக்கணும். மத்ததை டேபளுக்குக் கீழ போடுங்க. அழிக்க வேணாம்." ஆகவே முதல் வரியின் எண்ணைக் கட்டத்தில் போட்டு, மிச்சத்தை அப்படியே அட்டவணையின் கீழே ஒட்டிவிடுவேன். நேரம் இருக்கும் நாட்களில் வாசிப்பேன். முகத்தைக் கண்டிராத ஒருத்தி எனக்கு எட்டு வருடமாகத் தினமும் கடிதம் எழுதினாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்த வாரம் மலைநாட்டில் நல்ல மழை. ஐம்பது தோட்டத்துச் செய்திகளும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் நிமிர நேரமில்லை. புதன்கிழமை ஒன்பது மணிக்கு அறிக்கையை அனுப்பிவிட்டு மூச்சு விட்டேன். ராஜேஸ்வரியின் தோட்டத்துக்கான அட்டவணை திரையில் இப்படி இருந்தது:

| நாள் | மழை மி.மீ. |
| திங்கள் | 41 |
| செவ்வாய் | 38 |
| புதன் | 29 |
| மூன்று நாள் | 108 |

மழைக்காலத்தில் நூற்றியெட்டு பெரிய விஷயம் அல்ல. உரம் போட வேண்டாம் என்று அறிக்கை போயிருந்தது. தேநீரை எடுத்துக்கொண்டு, அவள் இன்று என்ன எழுதியிருக்கிறாள் என்று பார்த்தேன்.

'அக்கா, நாளையில இருந்து மூணு நாளைக்கு நான் அளக்க மாட்டேன். எனக்குக் கல்யாணம். ஒங்களுக்குத்தான் கடைசியாச் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. மாப்பிள ஃபெக்டரி லொறி ஓட்டுறாரு. லயத்து வாசல்ல பந்தல் போடுறாங்க.'

எனக்கு உண்மையாகவே கண் கலங்கிவிட்டது. ராஜேஸ்வரிக்கு முப்பத்துநான்கு வயது. தங்கைகளுக்கெல்லாம் செய்து வைத்துவிட்டுத் தான் தனித்திருந்தவள். அந்தச் சந்தோசத்தில், இந்தக் கல்யாணக் கதை எப்போது தொடங்கியது என்று பார்க்கும் ஆசையில், திரையை மேலே உருட்டி அவளுடைய பழைய குறிப்புகளை வாசிக்கத் தொடங்கினேன்.

செவ்வாய்க்கிழமைக் குறிப்பில் கல்யாணம் இல்லை.

'நேத்து சாயங்காலம் போத்தல் நெறஞ்சு வழியப் பாத்திச்சு. 120 இருந்திச்சு, அளந்து ஊத்திட்டுத் திரும்ப வச்சேன். காலையில பாத்தா 38.'

தேநீரைக் கீழே வைத்தேன். புதன்கிழமைக் குறிப்பைத் திரும்ப எடுத்தேன். கல்யாணச் செய்திக்கு மேலே, நான் தாண்டிப் போன ஒரு வரி. 'நேத்தும் அப்படித்தான். சாயங்காலம் 115 ஊத்தினேன். காலையில 29.'

அவள் சரியாகத்தான் அளந்திருந்தாள். சரியாகத்தான் எழுதியிருந்தாள். கட்டத்துக்குள் முதல் வரியின் எண்ணை மட்டும் போட்டது நான். நூற்றியெட்டு அல்ல, முந்நூற்று நாற்பத்து மூன்று. மூன்று நாளில் அவ்வளவு பெய்தால் மலைச்சரிவில் மண் இறங்கக்கூடும்.

நஸீர் சேரின் அறைக்குள் போனேன். "சேர், பெரிய பிழை ஒண்டு விட்டிட்டன்."

அவர் மாலு பானைத் தாளில் சுற்றி வைத்துவிட்டு எழுந்து வந்தார். நாற்காலியை இழுத்தார்.

"வெரலை வைங்க."

வைத்தேன். செவ்வாய் நிரை. பிறகு கீழே, குறிப்பில் இருந்த நூற்றிருபது. பிறகு புதன் நிரை. பிறகு நூற்றுப் பதினைந்து. அவர் சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்துப் பழைய கடித உறையின் பின்னால் தானே ஒருமுறை கூட்டினார். திரும்பவும் ஒருமுறை, கீழிருந்து மேலே.

"அந்தப் புள்ளைக்கி கோல் எடுங்க. அவட வாயால கேளுங்க."

ராஜேஸ்வரியின் குரலை அன்றுதான் முதலில் கேட்டேன். பின்னால் பந்தலுக்குக் கம்பு அடிக்கும் சத்தம்.

"கொழும்பு அக்காவா! கல்யாணத்துக்கு வாறீங்களா?"

"தங்கச்சி, முதல்ல ஒண்டு சொல்லும். ரெண்டு நாளும் பின்னேரம் போத்தல் நிரம்பி ஊத்தினது உண்மையோ?"

"ஆமாக்கா. எழுதினேனே. கீழ எழுதினேனே, படிக்கலியா?"

"வாசிக்கேல்லை. என்னை மன்னிச்சுக்கொள்ளும். லயத்துக்குப் பின்னால மலைப்பக்கம் எப்படி இருக்குது?"

"மலையில இருந்து வர்ற பீலித் தண்ணி ரெண்டு நாளா கலங்கலா வருது. மேல தேயிலைக்குள்ள நெலம் பொளந்திருக்குன்னு பெருசு ஒருத்தரு சொன்னாரு. கல்யாண வேலையில யாரும் போய்ப் பாக்கலக்கா."

நான் சொன்னதைக் கேட்டதும் நஸீர் சேர் இரண்டு அழைப்புகள் எடுத்தார். முதலாவது அந்த மாவட்டத்தில் மண்சரிவுக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு. தான் யார், எண் எங்கிருந்து வந்தது, எந்த நாளில் எவ்வளவு, நிலத்தில் வெடிப்பு, கலங்கல் தண்ணீர் என்று ஒழுங்காகச் சொன்னார். உடனே வருகிறோம் என்றார்கள். இரண்டாவது தோட்டத்து மேனேஜருக்கு. சிங்களத்தில் கதைத்தார். மறுமுனைக் குரல் எனக்கும் கேட்டது.

"உங்கள் அறிக்கை ஒரு மணித்தியாலத்துக்கு முந்தித்தான் வந்தது. நூற்றியெட்டு என்று போட்டிருக்கிறீர்கள்."

"அது பிழை."

"மிஸ்டர் நஸீர், இருபத்திரண்டு குடும்பம். நாளைக்கு ஒரு கல்யாணம். உங்களுடைய வேலை உரத்துக்கு நாள் சொல்வது."

"தெரியும் மாத்தயா. எங்கட அறிக்கை பிழை, நான் சொல்றேன். எழுத்துல, என்ட பேரைப் போட்டு இப்ப அனுப்புறேன். ஆபிசர்ஸ் வந்து பாக்குற வரைக்கும் சனத்தை எதிர்ப்பக்கம் இஸ்கூலுக்கு அனுப்புங்க. ஒண்டும் நடக்காட்டி என்னை ஏசுங்க. நம்மட கொந்தராத்தையும் நிப்பாட்டுங்க."

அந்த ஒப்பந்தம் போனால் அலுவலகத்துக்குப் பெரிய அடி. அது எங்கள் நால்வருக்கும் தெரியும். அவர் தொலைபேசியை வைத்துவிட்டுத் திருத்த அறிவிப்பை என்னிடமே எழுதச் சொன்னார். எழுதினேன். முந்நூற்று நாற்பத்து மூன்று என்று கையால் எழுதவில்லை. அட்டவணையில் 'ஊற்றியது' என்று ஒரு புதிய நிரல் சேர்த்து, சூத்திரத்தை மாற்றி, வசனத்தை அந்தக் கட்டத்துக்குச் சுட்டினேன். அந்த நேரத்திலும் அப்படித்தான் கை போனது.

பிறகு காத்திருந்தோம். ஒரு தொலைபேசியைச் சுற்றி நான்கு பேர். பன்னிரண்டு மணிக்கு ராஜேஸ்வரி எடுத்தாள். அதிகாரிகள் மேலே போய் வெடிப்பைப் பார்த்துவிட்டு எல்லாரையும் இறங்கச் சொல்லிவிட்டார்களாம். சனம் ஏசிக்கொண்டே பாடசாலைக்குப் போகிறதாம். "வாழை மரத்தையும் பிடுங்கித் தூக்கிட்டுப் போறாங்கக்கா. சமையல்காரரு அண்டாவை விட்டுட்டு வரமாட்டேங்கிறாரு. எங்க மாமியாரு கொழும்பு அக்காவைப் பத்தி ரொம்ப மோசமாப் பேசிட்டாங்க." அவள் பாதி அழுகிறாளா பாதி சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

நான்கு மணிக்குச் சற்று முன்னால் மலை இறங்கியது.

இரண்டு லயமும் போயிற்று. பந்தல் போட்ட வாசலும் பின்சுவரும் போயிற்று. மேனேஜர்தான் எடுத்துச் சொன்னார். நஸீர் சேர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். எத்தனை பேர்? மேனேஜர் பாடசாலையில் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எண்ணி வைத்திருந்தார். தொண்ணூற்றேழு. லயத்துப் பட்டியலிலும் தொண்ணூற்றேழு. நஸீர் சேர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். எங்கள் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கும் விமலா சத்தமாகக் கைதட்டினாள். நானும் அவளும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதோம், சிரித்தோம். கீழே ஹார்ட்வெயார் முதலாளி மேலே என்ன கூத்து என்று பார்க்கப் படியேறி வந்துவிட்டார். விசயத்தைக் கேட்டதும் அவர் அடுத்த நாளே இருபத்திரண்டு குடும்பத்துக்கும் தார்ப்பாயும் வாளியும் லொறியில் ஏற்றி அனுப்பினார்.

போகும்போது நஸீர் சேரிடம், "என்ர பிழை சேர்" என்றேன்.

"இல்ல புள்ள. ஒரு கட்டத்துக்குள்ள ஒரு நம்பர்தான்னு ரூல் போட்டது நான். அந்தப் புள்ள ஒரு நாளைக்கி ரெண்டு நம்பர் அனுப்பினா நாம எங்க போடுறது? நாளைக்கி ரூலை மாத்துவோம்." அன்று அவர் மாலு பானைத் தின்ன மறந்துவிட்டார்.

கல்யாணம் மறுநாள் சொன்ன நேரத்துக்கே நடந்தது. பாடசாலை மண்டபத்தில் எடுத்த படத்தை ராஜேஸ்வரி அனுப்பியிருந்தாள். ஊரே நிரை நிரையாக நிற்கிறது. பின்னால் கரும்பலகையில் அழிக்காத ஏழாம் வாய்ப்பாடு. மணப்பெண்ணின் காலில் கறுப்பு றப்பர் பூட்ஸ். எங்கள் விமலா, "இதில மாப்பிள்ளை ஆர்?" என்று கேட்டாள். நஸீர் சேர் படத்தைக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். "ரெண்டாவது ரோ, அஞ்சாவது கொலம்" என்றார். மாலையைப் பார்த்துச் சொல்லாமல் ஆளை எண்ணிச் சொன்னார் என்பதுதான் எங்களுக்குச் சிரிப்பு.

ஒரு வருடத்துக்குப் பிறகு, எதிர்ப்பக்கத்துச் சரிவில் அவர்களுக்குப் புது வீடுகள் கட்டிக் கொடுத்தபோது எங்களை அழைத்திருந்தார்கள். நானும் நஸீர் சேரும் காலை ரயிலில் போனோம். அவர் மடியில் ஒரு பெரிய சட்டி நிறைய வட்டிலப்பம் என்ற இனிப்பு. அதை ஏறுவதிலிருந்து இறங்குவது வரை கையை விட்டு எடுக்கவில்லை. ஸ்டேசனில் லொறியோடு மாப்பிள்ளை நின்றார். வீட்டு வாசலில், உயரமாக, நிறை வயிற்றோடு ஒரு பெண். அவள் ராஜேஸ்வரி என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அவளுக்கும் யாரும் சொல்லவில்லை. "அக்கா!" என்று கத்திக்கொண்டு படியிறங்கப் பார்த்தாள். நான் ஓடிப்போய்ப் பிடித்தேன். அந்த மாமியார் என் கையைப் பிடித்து, "ஒன்னய அன்னைக்கு நல்லாத் திட்டினேன் ஆத்தா" என்று சொல்லி, இரண்டு தட்டுச் சோறு சாப்பிட வைத்தார்.

சாப்பிட்டுக்கொண்டு இருக்கும்போதே மழை பிடித்துப் பத்து நிமிசத்தில் விட்டது. பிள்ளைமடுவத்தையும் புது இடத்தில் கட்டியிருந்தார்கள். முற்றத்தில் மழைமானி. நான் அதைக் கிட்டப் போய்ப் பார்த்தேன். இத்தனை வருடம் மழையைக் கூட்டியவள் ஒரு துளியையும் அளந்து பார்த்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது. ராஜேஸ்வரி சிரித்துக்கொண்டு போத்தலில் இருந்ததை அளவுக் குழாயில் ஊற்றி என் கையில் தந்தாள். நஸீர் சேர், மேனேஜர், மாமியார், முன்பல் விழுந்த நாலைந்து பிள்ளைகள், எல்லாரும் சுற்றி நின்றார்கள். நான் கண்ணாடியைச் சரிசெய்து, குழாயை நெஞ்சளவில் பிடித்து, அலுவலகக் குரலில் சொன்னேன்.

"ஆறரை."

ராஜேஸ்வரி எட்டிப் பார்த்தாள். "அஞ்சுதான்கா" என்றாள். "தண்ணியக் கண்ணுக்கு நேரா வச்சுப் பாக்கணும். நல்லாக் குனிங்க."

குனிந்தேன். ஐந்துதான்.